கம்பஸில அக்ரி ஃபகல்ற்றி (விவசாய பீடம்) கிடைச்சிருக்கு, வீட்டில வேண்டாமாம். மண், தண்ணி, கடல் எண்டு படிச்சா எங்கட பக்கம் என்ன வேலை இருக்கு?

கதலிப்பூ:
எல்லாருக்கும் வணக்கம். ஏஎல் (உயர்தரம்) பயோ செய்தனான், மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (கம்பஸ் அனுமதிக்குப் பாக்கிற புள்ளி) காணாது, யாழ்ப்பாணக் கம்பஸ் அக்ரிகல்ச்சர் வந்திருக்கு. ஃபகல்ற்றி கிளிநொச்சி அறிவியல்நகரில. எனக்கு விருப்பம்தான், ஆனா வீட்டில பெரிய சண்டை. அப்பா இன்னொருக்கா எடு எண்டுறார், பெரியம்மா வந்து "கம்பஸ் போயும் மண்வெட்டியோ" எண்டு கேட்டிட்டுப் போட்டா, கனடாவில ஸ்காபரோவில இருக்கிற சித்தப்பா ஸ்ருடன்ற் விசாவில வா எண்டு நிக்கிறார். நான் கேக்கிறது இதுதான். இந்தத் துறையில மெய்யா என்ன வேலை இருக்கு? விவசாயப் போதனாசிரியர் (கமக்காரருக்கு ஆலோசனை சொல்லுற அரச உத்தியோகத்தர்) வேலைக்கு விண்ணப்பம் போட்டிட்டு வருசக்கணக்கா இருக்கிறது மட்டும்தானோ? லாப், சூழல், தண்ணி எண்டு வேற பக்கம் போகலாமோ? தெரிஞ்ச ஆக்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ, ஆறுதலுக்குச் சொல்லாதேங்கோ.

ஸ்காபரோச் சித்தப்பா:
தங்கச்சி நான் உங்கட சித்தப்பா இல்லை, ஆனா அதே ஊரில இருக்கிற இன்னொரு சித்தப்பா. இங்க வாங்கோ, பின்னுக்கு யோசிக்கலாம். அங்க இருந்து என்ன செய்யப் போறியள்?

அறிவியல்நகர் பழசு:
அண்ணை பழைய கதை சொல்லுறியள். 2024 தொடக்கம் அங்க ஸ்ருடன்ற் பெர்மிற்றுக்கு எல்லை போட்டாச்சு, கையில காட்டவேண்டிய காசையும் 10,000 டொலரில இருந்து 20,635 ஆக்கினவை, பேந்து இன்னும் கூட்டினவை, அது பீஸ் இல்லாமல். காணி வித்துத்தான் போகவேணும்.

தங்கச்சி, நான் அந்த ஃபகல்ற்றியில படிச்சு வெளியில வந்தவன், ஆறுதல் சொல்லமாட்டன். நாலு வருசம், படிப்பு இங்கிலீசில. விவசாய உயிரியல், விவசாய இரசாயனம், பொருளியல், பொறியியல், பயிராக்கவியல், விலங்கு விஞ்ஞானம் எண்டு ஆறு துறை. முதல்ல எல்லாத்தையும் தொட்டுப் பாப்பியள், பேந்து ஒண்டுக்குள்ள போவியள், கடைசியில ஆராய்ச்சி செய்யவேணும். அந்த ஆராய்ச்சித் தலைப்புத்தான் பேந்து உங்கட விசிற்றிங் காட், அதைச் சும்மா மேல் பட்ச் ஆக்களுக்கு ஈஸியா இருந்தது எண்டு எடுக்காதேங்கோ.

வேலைக் கதை. போதனாசிரியர் வேலைக்குப் பழைய வழி விவசாயப் பாடசாலை டிப்ளோமா, எங்களுக்குக் கிட்டவா வவுனியாவிலயும் பரந்தனிலயும் இருக்கு, ரெண்டு வருசம். டிகிரிக்காரருக்கு அதுக்கு மேல இலங்கை விவசாய சேவை, விஞ்ஞான சேவை எண்டு போட்டிப் பரீட்சை இருக்கு, இடம் குறைவு, எப்ப கூப்பிடுவினம் எண்டும் சொல்லேலாது. மற்ற வழி அபிவிருத்தி உத்தியோகத்தர். 2020 இல பட்டதாரிப் பயிலுநர் எண்டு அம்பதாயிரம் பேர் அளவில எடுத்தவை, என்னோட படிச்ச கன பேர் அதுக்குள்ள போட்டினம். இப்ப பிரதேச செயலகத்தில கடிதம் கோவையில போட்டுக்கொண்டிருக்கினம், மண்ணைப் பற்றிப் படிச்சது எங்க போச்சோ தெரியேல்லை. சம்பளம் வருது, பென்சன் வரும், அதைக் குறைவாச் சொல்லேல்லை, ஆனா அந்த வேலைக்கு நாலு வருசம் வயலுக்கையும் லாப்பிலயும் நிண்டிருக்கத் தேவையில்லை.

2017 இல கச்சேரிக்கு (மாவட்ட செயலகம்) முன்னால வேலையில்லாப் பட்டதாரிகள் மாசக்கணக்கில இருந்தது ஞாபகம் இருக்குத்தானே. அதுக்குள்ள கூட ஆர்ட்ஸ் ஆக்கள் எண்டாலும் அக்ரிக்காரரும் இருந்தவை.

வெங்காயத்தறை:
பிள்ளை நான் படிப்பு அவ்வளவு இல்லாத ஆள், கோப்பாய்ப் பக்கம் தோட்டம், வெங்காயம் பீற்றூட் பேந்து கொஞ்சம் புகையிலை. நான் என்ர பக்கத்தால சொல்லுறன். வெங்காயம் தாள் முறுகிக் கிடக்குது எண்டா நாங்கள் எங்க போறம்? மருந்துக்கடைக்கு. அங்க நிக்கிற பெடியன் ஒரு போத்தில் தருவான், கேக்காட்டில் வேற ஒண்டு தருவான், அவனுக்குக் கொமிசன். பங்கசோ பூச்சியோ தண்ணி கூடிப்போச்சோ எண்டு இலையைப் பாத்துச் சொல்லுற ஆள் எங்களுக்குக் கிட்ட இல்லை. பயிர்ச் சிகிச்சை முகாம் எண்டு திணைக்களம் வைக்கிறது நல்ல விசயம்தான், ஆனா நோய் முகாம் நாள் பாத்து வாறதில்லையே. போதனாசிரியர் ஒராளுக்கு எத்தினை கிராமம், அவையும் கூட்டத்துக்கும் றிப்போட்டுக்கும் ஓடவேணும், அவையில பிழை இல்லை.

2021 இல உரம் இல்லை எண்டு ஒரே இரவில நிப்பாட்டிச்சினமே, அண்டைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது அரசியல் கதைக்கிற ஆள் இல்லை, என்னட்டை இவ்வளவு மாட்டெரு இருக்கு இந்தத் தறைக்கு இது காணுமோ எண்டு கணக்குப் பாத்துச் சொல்லுற ஆள். ஒருத்தரும் இல்லை. மே மாசம் தடை, நவம்பரில எடுத்தாச்சு, இடையில போன போகம் போனதுதான்.

படிச்ச பிள்ளையள் தோட்டத்துக்கு வரட்டும், காசு குடுப்பம். சும்மா இல்லை, மெய்யாக் குடுப்பம். மருந்துக்குக் குடுக்கிற காசில பாதியைக் குடுத்தாலும் எங்களுக்கு லாபம்.

அறிவியல்நகர் பழசு:
ஐயா குடுப்பம் எண்டு சொல்லுறது லேசு, வெங்காயம் இறக்குமதி ஆகி விலை விழுந்த கிழமை ஆர் குடுக்கிறது?

வெங்காயத்தறை:
அந்தக் கிழமை எனக்கே இல்லைத் தம்பி 😀

நிலத்தடி:
இவ்வளவு கதைச்சும் ஒருத்தரும் தண்ணியைத் தொடேல்லை. தங்கச்சி நான் தண்ணி பரிசோதிக்கிற வேலையில இருக்கிறன், எங்க எண்டு சொல்லமாட்டன், கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

எங்கட குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடும். ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் மட்டும் பெய்யிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால இறங்கி கீழ கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. அதைத்தான் குடிக்கிறம், அதைத்தான் இறைக்கிறம். துலாவில இறைச்ச காலத்தில ஒரு நாளில இவ்வளவுதான் எடுக்கேலும் எண்டு ஒரு கட்டுப்பாடு தானா இருந்தது. வாட்டர் பம் வந்தாப் பிறகு கிணறு அடி தெரிய இறைக்கிறம், மேல நல்ல தண்ணியின்ர பாரம் குறைய கீழ இருந்து உப்பு எழும்பி வருது. கரையோரக் கிணறுகள் கன இடத்தில உவர் ஆனது இப்பிடித்தான்.

இது ஒரு பக்கம். மற்றது நைத்திரேற்று. சுண்ணாம்புக் கல் வடிகட்டாது, வெடிப்புக்குள்ளால நேர இறங்கும். தோட்டத்தில கூடப் போடுற யூரியா, மாட்டெரு, வீட்டு மலக்குழி எல்லாம் கிணத்துக்கு வருது. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல வேண்டாம் எண்டுது, வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் கனக்க அதுக்கு மேல நிக்குது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணி அது. கொதிக்க வைச்சா போகாது, வத்த வத்தக் கூடும், இதைக் கன அம்மாமாருக்கு இன்னும் தெரியாது.

சுன்னாகத்தில கிணத்துக்குள்ள கழிவு எண்ணெய் வந்தது எல்லாருக்கும் தெரியும். 2019 இல உயர் நீதிமன்றம் அங்க மின்நிலையம் நடத்தின கம்பனி ரெண்டு கோடி ரூபா நட்டஈடு குடுக்கவேணும் எண்டு தீர்த்தது. அந்த வழக்கு எதில நிண்டது? ஆரோ மாதிரி எடுத்து, லாப்பில போட்டு, கணக்கு எழுதி, அதைக் கோட்டில நிக்கிற மாதிரி எழுதி வைச்ச தாளில. இந்தத் தொழில் அதுதான்.

இப்ப வேலையைச் சொல்லுறன். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை இருக்கு. தாளையடியில கடல்தண்ணி நன்னீராக்கிற நிலையம் 2024 ஓகஸ்ட்டில திறந்தது, ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் கணக்கு. இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வாறதுக்குக் கிளிநொச்சிக் கமக்காரர் மறிச்சாப் பிறகு வந்த மாற்று வழி அது. அதுக்கு ஒப்பரேற்றர், லாப் ஆக்கள், குழாய் பாக்கிற ஆக்கள் வேணும். மத்திய சுற்றாடல் அதிகாரசபை இருக்கு, தொழிற்சாலையளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் குடுக்கிறது அவை, அதுக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் அரிசி மில்காரர், சேவிஸ் ஸ்ரேசன்காரர், ஐஸ் பக்டறிக்காரர் எல்லாம் கொழும்பில ஆள் பிடிக்கினம். இங்க நிண்டு அந்த வேலையைத் தமிழில விளங்கப்படுத்திச் செய்யக் கூடிய ஆக்கள் கை விரலுக்குள்ள. ஹோட்டல் கட்டுறவை, மீன் பக்டறி போடுறவை எல்லாருக்கும் கழிவுத் தண்ணிக்கு ஒரு பிளான் வேணும்.

அக்ரியில விவசாய இரசாயனம் அல்லது பொறியியல் பக்கம் போனா உதுக்குள்ள வரலாம். போதனாசிரியர் வேலைக்கு நிக்கிற லைனில இதில நிக்கிறவை பத்தில ஒண்டும் இல்லை.

கதலிப்பூ:
நிலத்தடி அண்ணை (அக்காவோ தெரியேல்லை) கன நன்றி. பெரியம்மாவுக்கு இதை வாசிச்சுக் காட்டினனான், பால்மா விசயத்தில கொஞ்சம் பயந்திட்டா. ஆனா சொந்தமா அந்தக் கன்சல்ற்றன்ற் வேலை செய்யிறது எண்டா அனுபவம் வேணுமே, முதல் வருசம் சோறு எப்பிடி?

நிலத்தடி:
அக்கா. முதல் ரெண்டு மூண்டு வருசம் ஆருக்காவது கீழ வேலை செய்யத்தான் வேணும், சம்பளம் சிரிப்பா இருக்கும். அதை மறைக்கேல்லை.

நங்கூரம்:
கடலை மறந்திட்டியள். பூநகரிப் பக்கம் கடலட்டைப் பண்ணை, வலைப்பாட்டில கடற்பாசி, குருநகர்ப் பக்கம் நண்டுக் கம்பனி. நண்டுச் சதை வெளிநாட்டுக்குப் போகுது, அங்க அனுப்பிறதெண்டா தரக் கட்டுப்பாட்டுக்கு லாப் ஆள் இல்லாமல் ஏலாது, எங்கட பெட்டையள் கன பேர் அந்த வேலையில இருக்கினம், வெள்ளைக் கோட்டும் தொப்பியும், நாள் முழுக்க குளிர் அறை, மீன் மணம் வீட்டுக்கும் வரும்.

கடலட்டையில காசு இருக்கு, அதே அளவு சண்டையும் இருக்கு. சீனா, ஹொங்கொங் பக்கம் போறபடியா விலை நல்லம். ஆனா கரைக்குக் கிட்ட கம்பி வேலி போட்டு மறிச்சா கரையோரமா மீன் பிடிக்கக் களங்கட்டி வைக்கிறவன், சிறகு வலைக்காரன் எங்க போறது? கடற்தாழைக்குள்ள (கடற்புல்) குஞ்சு மீன் நிக்கிற இடம் அது. நான் ரெண்டு பக்கமும் சொந்தக்காரர் உள்ள ஆள், அதால ஒரு பக்கம் நிண்டு கதைக்கமாட்டன். நக்டாவுக்கும் (நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை) நாராவுக்கும் (நீர்வள ஆராய்ச்சி நிறுவனம்) கடல்சார் படிப்புப் படிச்ச ஆக்கள் வேணும், அதோட ஊர்ச் சங்கங்களுக்கும் இந்தப் பண்ணை இங்க வந்தா என்ன நடக்கும் எண்டு கணக்கோட சொல்லுற எங்கட ஆள் வேணும். இப்ப ரெண்டு பக்கமும் சத்தம்தான் போடினம், அளந்து பாத்தவன் இல்லை.

இதுக்கு அக்ரியை விட யாழ்ப்பாணக் கம்பஸ் சயன்ஸ் ஃபகல்ற்றியின்ர மீன்பிடியியல் பொருத்தம். மாற்ற முடியுமோ எண்டு கேட்டுப் பாருங்கோ.

சங்கிலி அளவை:
சேர்வேயர் வேலையை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? நிலம் சார்ந்த வேலை எண்டா முதல் அதுதானே. வலிகாமம் வடக்கில ஆமி விடுவிச்ச காணியள், வேலி இல்லை, எல்லைக் கல் இல்லை, பூவரசும் கிளுவையும் நிண்ட இடத்தில இப்ப பற்றை, உறுதிச் (காணிப் பத்திரம்) சொந்தக்காரன் நோர்வேயில, அயலவன் ஒரு முழம் தள்ளிக் கட்டிப்போட்டான். ஒரு உறுதிக்குப் பின்னால நாலு சந்ததி, பங்கு பிரிக்கேல்லை, தேசவழமையில (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம்) பங்காளிக்குத்தான் முதல் விற்பனை உரிமை. லைசன்ஸ் சேர்வேயர் ஒருத்தரைப் பிடிக்க சனம் மாசக்கணக்கில நிக்குது. சப்பிரகமுவக் கம்பஸில டிகிரி, தியத்தலாவையில நிறுவகம். கணிதம் வேணும், பயோக்காரருக்கு நேரடியாச் சரிவராது. ஆனா ஜிஐஎஸ் (கணினியில வரைபடம் போடுற முறை) படியுங்கோ தங்கச்சி. கியூஜிஐஎஸ் சும்மா கிடைக்கிற மென்பொருள், வீட்டில இருந்தே தொடங்கலாம். நிலத்தடி அக்கா சொன்ன நைத்திரேற்றுக் கணக்கை வரைபடத்தில போட்டுக் காட்டத் தெரிஞ்ச அக்ரிக்காரர் எண்டா ஒபீஸ்காரர் தேடி வருவினம்.

ஸ்காபரோச் சித்தப்பா:
சரி சரி, தாக்காதேங்கோ. ஒண்டு சொல்லுறன், அக்ரி டிகிரியை அங்க முடிச்சுப்போட்டு மாஸ்ரருக்கு வந்தா கதை வேற. ஒன்ராறியோவில குவெல்ஃப் யூனிவர்சிற்றி விவசாயத்துக்கே பேர் போனது, அந்த விவசாயக் கல்லூரி 1874 இல தொடங்கினது. ஃபண்டிங்கோட எடுத்தா காணி விக்கத் தேவையில்லை. முதல் டிகிரிக்கு வந்து கடையில கோப்பி ஊத்திறதை விட அது திறம். உங்கட சித்தப்பாவுக்கு இதைச் சொல்லுங்கோ, நான் சொன்னன் எண்டு சொல்லாதேங்கோ.

முகமாலை:
வெளிநாடு எண்டா இன்னொண்டு. இப்ப ஜப்பானுக்கு விவசாய வேலைக்கு எண்டு பரீட்சை வைச்சு எடுக்கினம், மொழியும் பாஸ் பண்ணவேணும். கொரியாவுக்கும் போகினம். ஆனா யாழ்ப்பாணத்தில சுவர் சுவரா நோட்டிஸ் ஒட்டுற ஏஜென்சி எல்லாத்தையும் நம்பாதேங்கோ, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில லைசன்ஸ் இருக்கோ எண்டு பாத்திட்டுத்தான் பாஸ்போட்டைக் குடுக்கவேணும்.

என்ர வேலையையும் சொல்லுறன், ஒருத்தரும் இதை "துறை" எண்டு சொல்லுறதில்லை. கண்ணிவெடி அகற்றல். ஹலோ ட்ரஸ்ட் 2002 தொடக்கம் வடக்கில நிக்குது, வேற நிறுவனங்களும் இருக்கு. பொம்பிளையள் கன பேர், குடும்பத்தில தனி உழைப்பு உள்ளவை. முழங்காலில இருந்து வெயிலுக்குள்ள ஒரு கோடு ஒரு கோடாப் போறது. முகமாலைப் பக்கம் எவ்வளவு நெருக்கமா வைச்சிருந்தவை எண்டு சொன்னா நம்பமாட்டியள். நாங்கள் முடிச்சுக் குடுத்த காணியிலதான் பேந்து தென்னை வைக்கினம். இந்த வேலை ஒரு நாள் முடியும், முடியத்தான் வேணும், அதுக்குப் பிறகு எங்கட ஆக்களுக்கு என்ன எண்டு ஒருத்தரும் யோசிக்கிறதாத் தெரியேல்லை. மண்ணை அங்குலம் அங்குலமாத் தெரிஞ்ச ஆக்கள் நாங்கள், வன வளத் திணைக்களமோ தோட்டப் பயிற்சியோ எடுத்தா என்ன.

அறிவியல்நகர் பழசு:
முகமாலை அக்கா, எங்கட துறையில ஒருத்தரும் இந்தப் பக்கம் பாக்கேல்லை, வெக்கமாத்தான் இருக்கு. சுண்டிக்குளமும் நெடுந்தீவும் 2015 இல தேசியப் பூங்கா ஆக்கினவை, அங்க ஆள் தேவை, உள்ளூர் ஆளை எடுக்கிறது குறைவு.

திக்கம்:
பனை பனை பனை! பனை அபிவிருத்திச் சபை 1978 இல வந்தது, கைதடியில ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, ஆனா மரம் ஏறத்தான் ஆள் இல்லை. ஒடியல், பனாட்டு, பனங்கட்டிக்கு லண்டனில கேக்கினம், சுத்தமாப் பொதி செய்து லேபல் அடிச்சு தரச் சான்றிதழ் எடுக்கத் தெரியாமல் கிடக்குது. உணவுத் தொழில்நுட்பம் படியுங்கோ. கிளிநொச்சி ஜேர்மன் ரெக் (தொழிற்பயிற்சி) நிறுவகத்திலயும் அந்தப் பாடம் இருக்கு, ஏஎல் சரிவராத பெடியள் அங்க போகலாம். இதை வாசிக்கிற வேற பிள்ளையளுக்காகவும் சொல்லுறன், டிகிரி மட்டும் வழி இல்லை.

வெங்காயத்தறை:
சொட்டுநீர்க் குழாய் பூட்டத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் எங்கட பக்கம் இருக்கிறான், ஓஎல் (சாதாரண தரம்) தான், மோட்டர் சைக்கிளில வருவான், அவன்ர போன் எப்பவும் எங்கேஜ். டிகிரிக்காரர் கோபிக்காதேங்கோ.

கதலிப்பூ:
எல்லாத்தையும் அப்பாவோட இருந்து வாசிச்சம். அவர் இன்னும் முழுசா இறங்கி வரேல்லை, ஆனா ரியூசனுக்குக் காசு கட்ட வேண்டாம் எண்டிட்டார், அது பெரிய விசயம். நான் பதியப் போறன். விவசாய இரசாயனமா பொறியியலா எண்டு பேந்து பாப்பம். ஹொஸ்ரல் எப்பிடி, இல்லாட்டி யாழ்ப்பாணத்தில இருந்து பஸ்ஸில போய் வரலாமோ?

அறிவியல்நகர் பழசு:
ஏ9 றோட்டில வவுனியா பஸ் எல்லாம் வாசலால போகும், ஆனா தினமும் போய் வந்தா பின்னேரம் ஒரு பாடமும் தலையில ஏறாது. ஹொஸ்ரலுக்குப் பதியுங்கோ. தொப்பி வாங்குங்கோ, அங்க நிழல் குறைவு. வயல் பிரக்ரிக்கலுக்கு நல்ல சப்பாத்தும் வேணும்.

மட்டுறுத்துனர்:
ஏஜென்சி விளம்பரம் போட்ட ரெண்டு கொமென்ற் எடுத்தாச்சு. தொடருங்கோ.

புதுக் கிணறு:
இடையில வாறதுக்கு மன்னிக்கவும். நிலத்தடி அக்கா, எங்கட வீட்டுக் கிணறு தோட்டத்துக்குப் பக்கத்தில, மருமகளுக்கு இப்ப ஆறாம் மாசம். மாதிரி எடுத்துக் குடுக்கிறது எண்டா எப்பிடி? சோடாப் போத்திலில கொண்டு போகலாமோ?

நிலத்தடி:
சோடாப் போத்தில் வேண்டாம், இனிப்பு ஒட்டியிருக்கும். தண்ணிப் போத்தில் ஒண்டை அதே கிணத்துத் தண்ணியால மூண்டு தரம் அலசுங்கோ, சவுக்காரம் போடாதேங்கோ. பம் போட்டு கொஞ்ச நேரம் ஓட விட்டிட்டு பேந்து நிரப்புங்கோ, வாய் வரைக்கும், காத்து நிக்காமல். வெயில் படாமல் ஐஸ் பெட்டியில வைச்சு அண்டைக்கே குடுத்தா நல்லம், கடைசி அடுத்த நாள். இது நைத்திரேற்றுக்கு. கிருமி பாக்கிறதெண்டா லாப்பிலயே கிருமி நீக்கின போத்தில் தருவினம், அதைக் கேட்டு வாங்குங்கோ, உள்ள கை படக்கூடாது. நீர் வழங்கல் சபையின்ர லாப்பில கேளுங்கோ, இல்லாட்டி உங்கட பகுதி சுகாதாரப் பரிசோதகரைப் பிடியுங்கோ. றிசல்ற் வாற மட்டும் குடிக்கிறதுக்கும் சமையலுக்கும் வேற நல்ல தண்ணி எடுங்கோ, குளிக்க, உடுப்புத் தோய்க்க அதே கிணறு பரவாயில்லை. கிணத்துக்கும் மலக்குழிக்கும் இடையில எவ்வளவு தூரம் எண்டு அளந்து வைச்சிருங்கோ, கட்டாயம் கேப்பினம்.